ஒரே கூகுள் டாக்ஸில் வகுப்பே எழுதும்போது

கூகுள் டாக்ஸ் கோப்பு ஒன்றை ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம். அதற்காக வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே லிங்க்கை அனுப்பிவிடாதீர்கள். மேலே ஒருவர் வரி சேர்க்கச் சேர்க்க, கீழே எழுதுபவரின் பத்தி திரையை விட்டு நழுவிக்கொண்டே போகும். யாராவது தெரியாமல் மொத்தத்தையும் செலக்ட் செய்து அழித்தும் விடுவார்கள். ஒரு கோப்புக்கு நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து பேர் போதும்.

லிங்க் அனுப்பும் முன்பே உள்ளே இடம் பிரித்து வையுங்கள். இரண்டு நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எழுதும் இடம். தனக்கென்று ஒரு கட்டம் இருந்தால் அடுத்தவர் எழுத்தில் கைவைப்பது பெரும்பாலும் நின்றுவிடும். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் ஆளுக்கொரு ஸ்லைடு.

அடுத்து அனுமதி. 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் வருபவர் ஏதோ ஒரு விலங்கின் பெயரில்தான் தெரிவார். எழுதியது யார், அழித்தது யார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. மதிப்பெண் உள்ள வேலைக்கு மாணவரின் மின்னஞ்சலைச் சேர்த்தே பகிருங்கள். வகுப்பு வேலைகளைப் பதிவிடும் கூகுள் கிளாஸ்ரூமில் தனித்தனி வேலை தருவதென்றால், 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்ற தேர்வைப் பதிவிடும் முன்பே அழுத்த வேண்டும். பதிவிட்டபின் அப்படி மாற்ற முடியாது. 

கோப்பின் பழைய நிலைகளைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியை ஆசிரியர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஃபைல் மெனுவில் அது இருக்கிறது. வேலை தொடங்குமுன் அப்போதைய நிலைக்குத் 'தொடக்கம்' என்று பெயரிட்டுச் சேமியுங்கள். எல்லாம் அழிந்தாலும் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அப்படித் திரும்புவதால் இடையில் எழுதியவை தொலைவதுமில்லை. யார் எதை எழுதினார் என்பதும் நிறம் நிறமாகத் தெரியும். ஆனால் நிறத்தை அளந்து மதிப்பெண் போடுவது அநியாயம். மூவர் பேசி முடிவெடுக்க, ஒருவர் மட்டும் தட்டச்சு செய்திருக்கலாம். ஒரு பத்தி முழுதாக ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் அது வேறிடத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கலாம். அது காப்பியாகவும் இருக்கலாம், இணையம் இல்லாத நேரத்தில் மாணவர் தானே எழுதியதாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் பயிற்சிக்குத் திருத்தும் அனுமதி வேண்டாம், கமென்ட் அனுமதி போதும். அதிலேயே சஜஷனாக மாற்றங்களை முன்வைக்கலாம். மூல வாக்கியம் அப்படியே இருக்கும், ஏற்பதும் மறுப்பதும் எழுதியவர் கையில். 'நன்று', 'அருமை' என்ற கமென்ட்டுகளால் பயனில்லை. ஆளுக்கு ஒரு கேள்வியும் ஒரு திருத்தமும் கட்டாயம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழுக் கோப்பை உருவாக்குவது ஆசிரியராகவே இருக்கட்டும். மாணவர் உருவாக்கினால் உரிமை அவரிடம் இருக்கும். அவர் நீக்கினால் மொத்தக் குழுவின் வேலையும் போகும். கெடு முடிந்ததும் எல்லோரையும் பார்வையாளராக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே விடை மாறிக்கொண்டிருக்கும்.