குன்னூர் மீட்டிங்கில் தெரிந்த முகம்

சின்ன ஊரில் குடியை விடுவதில் ஒரு விசித்திரமான சங்கடம் இருக்கிறது. நாம் குடிப்பது ஊருக்கே தெரியும், ஆனால் நிறுத்தப் பார்ப்பது மட்டும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று மனசு அடித்துக்கொள்ளும். கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது வாசலில் நிற்கக் கூச்சப்படாத எனக்கு, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்), அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் மீட்டிங் எங்கே நடக்கிறது என்று ஒருத்தரிடம் கேட்க மாதக்கணக்கில் வாய் வரவில்லை. மலையில் எங்கோ இதே தயக்கத்தோடு இருப்பவருக்காகத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், முதலில் டாக்டரைப் பாருங்கள். வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆள் யார் இடம் எது என்று தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். என்னை அரசு மருத்துவமனையில் சில நாள் படுக்க வைத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்று விற்கும் மருந்தை வாங்காதீர்கள். டைசல்பிரம் மாதிரி மருந்து உடம்பில் இருக்கும்போது சரக்கு உள்ளே போனால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்த்துவிடும். அது டாக்டர் பார்த்து, குடிப்பவரும் சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார், "உடம்பு ஒரு வழிக்கு வந்துடுச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்ககூட யார் இருப்பாங்க?" பதில் இல்லை. இலையை இறக்கிவிட்டு வண்டியை ஓரங்கட்டினால் கூட இருப்பவர்கள் எல்லாம் குடிப்பவர்கள். அவர்தான் ஏ.ஏ. உதவி எண்ணைக் கொடுத்தார். அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் சிகிச்சைக்கு வழி கேட்கலாம் என்றார். ஏ.ஏ. எண்ணில் போன் எடுத்தவரும் குடித்து மீண்டவர்தான். எவ்வளவு குடிப்பீர்கள், என்ன வேலை என்று எதுவும் கேட்கவில்லை. "நிறுத்தணும்னு ஆசை இருக்கா?" அவ்வளவுதான். சேர்வதற்கு அது ஒன்றே தகுதி என்பது அவர்கள் மரபிலேயே இருக்கிறது.

குன்னூரில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய சின்ன அறை. கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் போய், படி வரைக்கும் நடந்து, உள்ளே எட்டிப் பார்த்தால், தினமும் என் வண்டி இலையை எடை போடுகிற அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்! திரும்பி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. அவர் பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். "வாங்க தம்பி, பேசணும்னு இல்ல, சும்மா உட்காருங்க." வேறு எதுவும் சொல்லவில்லை.

பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, முடித்ததும் அறிவுரை சொல்வதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும், இரண்டு பேரும் குடியில் சீரழிந்தவர்கள், உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில் ஆரம்பித்த விஷயம் இது. அதே முறை இந்தக் குளிரில், தமிழும் படுகர்களின் மொழியும் கலந்து ஒலிக்கிற ஒரு அறையில் நடப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பேசவில்லை. விடுங்கள் என்றால் விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் எடைக் கொட்டகையில் அதே அண்ணன். மூட்டையைத் தூக்கி வைத்தேன், கிலோவைச் சொன்னார், சீட்டில் எழுதினார், அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. அங்கே யாரைப் பார்த்தாலும், எதைக் கேட்டாலும் அந்த அறையோடு சரி என்பது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத்தான் நம்பினேன். சின்ன ஊர் என்பதால் பயந்தேன், ஆனால் சின்ன ஊர் என்பதால்தான் இப்போது ஆறு மணிக்கு வாய் நமநமவென்று வந்தால் நடந்தே போய்ப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார்.

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பெட்டி சுற்றி வரும், இஷ்டப்பட்டால் போடலாம், வெளியாட்களிடம் அவர்கள் காசு வாங்குவதில்லை. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022-இல் நம் நீலகிரி மாவட்டத்தில் ஆரம்பித்தார்களே, அந்தப் பத்துகளைச் சேர்த்து அடுத்த குவாட்டருக்குப் போட்டவன் நான். பெட்டியில் ஒரு பத்து ரூபாய் போட்டால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

சாமி விஷயம் பலருக்கு உறுத்தும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி. எங்கள் குழுவில் சாமி கும்பிடாதவரும் வருகிறார், இந்தக் கூட்டமே தனக்கு மேலான சக்தி என்கிறார், யாரும் சண்டைக்குப் போகவில்லை. நடுவில் மறுபடி குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அதை ஸ்லிப் என்பார்கள். அவர்களுக்கும் நாற்காலி இருக்கிறது, இன்று ஒரு நாள் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. என் மனைவி போனில் கலந்துகொள்கிறாள், அவளுக்கும் ஆறவேண்டியது நிறைய இருந்தது.

மலையில் உண்மையான கஷ்டம் பஸ்தான். மீட்டிங் முடிந்து கிளம்பினால் கடைசி வண்டி போயிருக்கும், மழைக்காலத்தில் மரம் விழுந்து ரோடே அடைத்துவிடும். அந்த மாதிரி நாளில் போனில் நடக்கும் தமிழ் மீட்டிங்கில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் முதல் தடவை முடிந்தவரை நேரில் போங்கள். உதவி எண்ணுக்குப் பேசும்போது உங்கள் ஊர் எது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி, திரும்பும்போது கொண்டுவந்து விட யாராவது இருக்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்கு ஒருவர் பைக்கில் வீடு வரைக்கும் வந்தார்.