மூன்று மியூட்டன்ட், ஒரு முக்கோணம்

பினாங்கில் நுண்ணுயிரியல் படித்தபோது கொடுத்த வேலை இது. ஈ. கோலை பாக்டீரியாவின் மியூட்டன்ட்கள் (மரபணு மாறிய வகைகள்) மூன்று. டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க மூன்றுக்குமே முடியாது. செல்லுக்குள் அது உருவாகும் பாதை இது: கோரிஸ்மேட் என்ற பொருளிலிருந்து ஆந்த்ரனிலேட், சில படிகள் தாண்டி இண்டோல், கடைசியில் டிரிப்டோபேன். இந்தப் பாதையில் எது எங்கே தடைபட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். விஞ்ஞானிகள் பீடிலும் டேட்டமும் 1941இல் ரொட்டிப் பூஞ்சையில் காட்டிய வழிதான்.

முதலில் குளுக்கோஸும் உப்புகளும் மட்டும் உள்ள அகார் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆந்த்ரனிலேட், இண்டோல், டிரிப்டோபேன் மூன்றில் ஒரு பொருளை மட்டும் சேர்த்தோம். "தம்பி, செல்லக் கழுவாம போட்டா எல்லாமே வளந்துரும், அப்புறம் எதப் பாத்து முடிவு சொல்லுவ?" என்றார் லேப் அக்கா. சரிதான். செல்கள் முன்பு வளர்ந்த ஊட்டக் குழம்பிலிருந்து ஒட்டிவந்த துளி டிரிப்டோபேனே போதும், முடிவைக் கெடுக்க. உப்பு நீரில் கழுவினோம். இண்டோல் ஆவியாகும் என்பதால் அந்தத் தட்டை மட்டும் தள்ளி வைத்தோம். (மல்லிகை மணத்திலும் இண்டோல் உண்டு. ஆனால் பாட்டிலைத் திறந்தால் அந்த நினைப்பே வராது.)

ஒன்றாவது மியூட்டன்ட் மூன்று பொருளிலும் வளர்ந்தது. இரண்டாவதுக்கு இண்டோலோ டிரிப்டோபேனோ வேண்டும். மூன்றாவதுக்கு டிரிப்டோபேன் மட்டுமே. தடைக்குப் பின்னால் வரும் பொருளைக் கொடுத்தால்தான் வளரும் என்பதால் வரிசை இதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்த சோதனைதான்.

மூன்றையும் ஒரே தட்டில், முனைகள் நெருங்கியும் தொடாமலும் இருக்கும்படி முக்கோணமாகக் கோடு இழுத்துத் தடவினோம். வளர்ப்பு ஊடகத்தில் கொஞ்சம் ஊட்டக் குழம்பு கலந்திருக்க வேண்டும். ஓரளவு வளர்ந்தால்தானே எதையாவது வெளியேற்றும்? 37 டிகிரியில் ஓர் இரவு. மூன்றாவதன் பக்கம் இருந்த முனைகளில் மற்ற இரண்டும் தடித்து வளர்ந்திருந்தன. தடைக்கு முந்தைய பொருள் தேங்கி வெளியே கசிகிறது. அதற்கும் முன்னால் தடைபட்டவை அதைத் தின்று பிழைக்கின்றன. இரண்டாவது, ஒன்றாவதுக்கு மட்டும் ஊட்டியது. ஒன்றாவது யாருக்கும் ஊட்டவில்லை. அதன் தடைதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. தட்டை நாள்கணக்கில் விட்டுவைக்காமல் சீக்கிரமே பார்த்துவிடுவது நல்லது. கசிந்த பொருள் பரவப் பரவ எது எதற்கு ஊட்டியது என்றே தெரியாது.

புற ஊதா விளக்கில் இரண்டாவது நீலமாக ஒளிர்ந்தது, ஆந்த்ரனிலேட் தேங்கியிருப்பதற்கான அடையாளம். அப்படியும் அது ஆந்த்ரனிலேட்டுக்கு அடுத்து எந்தப் படி என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் வருபவை பாஸ்பேட் ஏறிய பொருள்கள். வெளியிலிருந்து கொடுத்தாலும் செல்லுக்குள் போகாது. எந்தப் படி என்று பிரித்துச் சொல்ல, படிகளை நடத்தும் என்சைம்களையே சோதிக்க வேண்டும். அது அடுத்த செமஸ்டருக்குப் போனது.