டர்போ பாஸ்கல் ப்ரோக்ராமுக்கு மறுபடி உயிர் குடுத்தப்போ

ஆபீஸ்ல யாரும் தொட விரும்பாத வேலை ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. பாஸ்கல் மொழிக்கான பழைய கம்பைலர் (எழுதின கோட மெஷின் மொழிக்கு மாத்தற டூல்) டர்போ பாஸ்கல் 7.0ல எழுதின ஒரு ஸ்டாக் கணக்கு ப்ரோக்ராம், அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கற பழைய ரெக்கார்டு எல்லாம் இப்ப வேணுமாம். எழுதினவர் எப்பவோ ரிட்டயர் ஆயிட்டார், நல்லவேளையா சோர்ஸ் கோட பத்திரமா வெச்சிருந்தாங்க.

64 பிட் விண்டோஸ்ல, டாஸ்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதின 16 பிட் ப்ரோக்ராம் ஓடாது. சரின்னு ஒரு மெஷின்ல டாஸ் மாதிரியே இருக்கற ஃப்ரீடாஸ் போட்டு ஓட்டினா, ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடியே ‘ரன்டைம் எரர் 200’, அதாவது பூஜ்யத்தால வகுக்கறியாம். கோட் முழுக்க தேடினாலும் அப்படி ஒரு வகுத்தலே கிடையாது. விஷயம் டர்போ பாஸ்கலோட கூடவே வர்ற, ஸ்க்ரீன் வேலைய பாக்கற சிஆர்டி யூனிட்ல இருக்கு. ப்ரோக்ராம கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கற டிலே ஃபங்ஷனுக்காக அது ஆரம்பத்துலயே ஒரு லூப்ப கிட்டத்தட்ட 55 மில்லிசெகண்ட் ஓடவிட்டு, எத்தன தடவ சுத்துச்சுன்னு எண்ணி, அத 55ஆல வகுக்கும். 1992ல வந்த கம்பைலர், அப்ப இருந்த ப்ராசசருக்கு விடை 16 பிட்டுக்குள்ள தாராளமா அடங்கிடும். பென்டியம் 2 மாதிரி வேகமான சிப்புங்க வந்ததும் விடை 16 பிட்டோட உச்சமான 65535ஐ தாண்டிடுச்சு, அதையும் ப்ராசசர் வகுத்தல் பிழைன்னுதான் சொல்லும், டர்போ பாஸ்கல் அத பூஜ்யத்தால வகுத்ததா காட்டும். மெஷின் வேகமா இருக்கறதுதான் கோளாறே! பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கற டாஸ்பாக்ஸ்ல சைக்கிள்ஸ, அதாவது ஓடற வேகத்த, கம்மியா வெச்சதும் மெனு அழகா வந்து நின்னுச்சு.

அடுத்தது டேட்டா ஃபைல். அதுல தொகை எல்லாம் தசம எண்ணுக்கான ரியல் டைப்ல இருந்துச்சு, டர்போ பாஸ்கலோட ரியல் 6 பைட், இப்ப எல்லா மொழியும் பொதுவா வெச்சிருக்கற 8 பைட் டபுள் இல்ல. முதல் பைட் எக்ஸ்போனென்ட் (2ஓட அடுக்கு), மீதி 5 பைட்ல மேன்டிசாவும் (எண்ணோட இலக்கங்கள்) சைன் பிட்டும் (ப்ளஸ்ஸா மைனஸான்னு), எக்ஸ்போனென்ட்ல 129 கழிக்கணும். இது தெரிஞ்சதும் சின்னதா ஒரு கன்வர்ட்டர் எழுதி, பழைய ரிப்போர்ட்ல இருந்த மொத்தத்தோட ஒப்பிட்டேன், பைசா சுத்தமா ஒத்துப்போச்சு. அப்ப வந்த சந்தோஷத்த பக்கத்துல இருந்தவங்களுக்கு சொல்லி புரியவைக்கவே முடியல.

இதே சமயத்துல சில வருஷம் மட்டுமே பழசான ஒரு வெப் ப்ராஜெக்ட்டயும் பில்ட் பண்ண வேண்டியிருந்துச்சு. ஜாவாஸ்க்ரிப்ட ஓட்டற நோட்ல புது வெர்ஷன் ஒத்துக்கல, பழசுக்கு இறங்கினா ஒரு பேக்கேஜ் (மத்தவங்க எழுதி வெச்ச ரெடிமேட் கோட்) சி ப்ளஸ் ப்ளஸ் கம்பைலர் கேக்குது, அத கம்பைல் பண்ற பில்ட் டூலுக்கு பைத்தான் 2 வேணுமாம். ஜாவாஸ்க்ரிப்ட் பக்கம் ஒண்ணு காட்ட பைத்தான் எதுக்குன்னு டீம்ல ஒருத்தருக்கும் தெரியல, எங்க கோட்ல அப்படி ஒரு தேவையே இல்ல, நாங்க போட்ட பேக்கேஜுக்கு அடியில இருக்கற பேக்கேஜ் கேக்குது. 2016 மார்ச்ல லெஃப்ட் பேட்னு 11 வரி பேக்கேஜ் ஒண்ண எழுதினவர், எல்லாரும் பேக்கேஜ் எடுக்கற என்பிஎம்ல இருந்து எடுத்ததுக்கே எங்கெங்கயோ பில்டு எல்லாம் உடைஞ்சது, அது எப்படின்னு இங்கதான் எனக்கு உறைச்சுது.

பழசுதான் ஒசத்தின்னு நான் சொல்லல. அந்த டாஸ் ப்ரோக்ராம்ல யூனிகோட் இல்ல, நெட்வொர்க் இல்ல, யார் வேணா ஃபைல திறந்து மாத்தலாம், இதெல்லாம் வேணும்னா லேயர் கூடத்தான் செய்யும். ஆனா எரர் 200க்கு அடி வரைக்கும் நான் போக முடிஞ்சது. டர்போ பாஸ்கல் 3.0ல எடிட்டர், கம்பைலர் எல்லாம் சேர்ந்தே 40 கேபிக்குள்ள அடங்கிடும், ஒரு ஆள் உக்காந்து முழுசா புரிஞ்சிக்கலாம். வெப் ப்ராஜெக்ட்ல பேக்கேஜ் எல்லாம் வந்து உக்கார்ற நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டர திறந்து பாத்தா எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல, கடைசில அந்த பேக்கேஜயே தூக்கிட்டு வேற போட்டோம், என்ன உடைஞ்சதுன்னு தெரிஞ்சிக்காமலே.

அதுதான் எனக்கு மனசு ஆறல. இப்ப புதுசா ஒரு பேக்கேஜ் சேக்கணும்னு யாராவது கேட்டா, அது கூட்டிட்டு வர்ற மத்ததோட லிஸ்ட்ட முதல்ல எடுத்து காட்டச் சொல்றேன், பாதி நேரம் அந்த ஃபங்ஷன நாங்களே எழுதிடறோம்.