41-10ஆ 41-11ஆ: பின் ஆக்ஸில்ல லாக்கர் போட்ட கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு. ஜீப்போட பின் ஆக்ஸில்ல ஒருவழியா லாக்கர் (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒண்ணா பூட்டுற சாதனம்) போட்டாச்சு. நடுவுல மூணு வாரம் வண்டி சக்கரமே இல்லாம ஸ்டாண்டு மேல நின்னுச்சு, அதுக்கு முழுக்க நான்தான் காரணம், அதுக்கு பின்னாடி வரேன்.

மொதல்ல இது எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு. ஒரு பள்ளத்துல வண்டிய கோணலா எறக்கினா பின் சக்கரம் ஒண்ணு அந்தரத்துல தொங்கும், ஆக்ஸிலேட்டர மிதிச்சா தொங்குறது மட்டும் பம்பரமா சுத்தும், தரையில நல்லா ஊணி நிக்கிறது கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாது. "பவர் பூரா அந்தப் பக்கம் ஓடிருச்சு"ன்னு சொல்லுவாங்க, ஆனா நடக்கறது அது இல்லைங்க. ஓப்பன் டிஃப், அதாவது ரெண்டு சக்கரத்தையும் தனித்தனி வேகத்துல சுத்த விடுற சாதாரண டிஃபரன்ஷியல், எப்பவுமே ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு டார்க்தான் (சுத்துற விசை) கொடுக்கும். காத்துல தொங்குற சக்கரத்த சுத்த டார்க்கே வேண்டாம், அதனால இந்தப் பக்கத்துக்கும் அதே ஒண்ணுமில்லாததுதான் வரும். ஃபோர் வீல் டிரைவ் போட்டாலும் முன்னாடி இடதும் பின்னாடி வலதும் தூக்கிட்டா முடிஞ்சுது. லாக்கர் ரெண்டு சக்கரத்தோட ஷாஃப்டையும் ஒண்ணா கட்டிப் போட்டுடும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தணும், பிடிமானம் எந்தப் பக்கமோ டார்க் அந்தப் பக்கம் போகும்.

இங்கதான் பலரும் யோசிக்காத ஒரு விஷயம். ஓப்பன் டிஃப் இத்தனை நாளா ஒரு ஃபியூஸ் மாதிரி வேலை செஞ்சிட்டு இருந்துச்சு, பிடி இல்லன்னா சக்கரம் சும்மா சுத்தி எல்லாத்தையும் காப்பாத்திடும். லாக் பண்ணிட்டா ஒரு டயர் காத்துல, இன்னொண்ணு பாறை இடுக்குல மாட்டி நிக்கும்போது மொத்த டார்க்கும் ஒரே ஷாஃப்ட் மேல விழும். அதனால "எந்த லாக்கர் நல்லது"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "போட்டா அடுத்து என்ன ஒடையும்"னு கேளுங்க. என்னோடது டானா 44 ஆக்ஸில், ஷாஃப்ட்ல 30 ஸ்ப்ளைன் (நுனியில இருக்கிற பல்வரி), டயர் 31 இஞ்ச், தாங்கும். இதே 27 ஸ்ப்ளைன் டானா 35ல 35 இஞ்ச் டயர மாட்டிட்டு லாக்கரும் போடறவங்கள பாத்தா, கையில ஸ்பேர் ஷாஃப்ட் இருக்கான்னுதான் கேக்கத் தோணுது.

எல்எஸ்டி (சக்கரம் தனியா சுத்துறத ஓரளவுக்கு மட்டும் தடுக்கிற டிஃப்) பத்தி ரெண்டு வரி போதும். கிளட்ச் தகடு வெச்ச வகை ஓரளவுக்கு ஒதவும், தகடு தேஞ்சா அதுவும் போச்சு. டார்சன் மாதிரி கியர் வகை பிடி கம்மியா இருக்கிற பக்கத்து டார்க்க சில மடங்கா ஆக்கி அடுத்த பக்கம் தரும், ரோட்டுல அருமை, ஆனா பூஜ்யத்த எத்தனை மடங்கு பண்ணாலும் பூஜ்யம்தானே. சக்கரம் தூக்கினா பிரேக்க லேசா மிதிச்சு ஏமாத்தித்தான் ஏத்தணும்.

பழைய வண்டியில லஞ்ச்பாக்ஸ் லாக்கர் (சுவிட்ச் இல்லாம தானாவே பூட்டுற வகை) வெச்சிருந்தேன். டிஃப் நடுவுல இருக்கிற குட்டி ஸ்பைடர் கியர கழட்டிட்டு அத சுமக்கிற அதே கேரியருக்குள்ள சொருகுறது, கேரியர் மேல மாட்டியிருக்கிற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல தொடவே வேண்டாம், ஒரு மத்தியானத்துல வேலை முடிஞ்சுது. கரடு முரடுல தங்கம். ரோட்டுலதான் தலைவலி. வளைவுல வெளிப்பக்க சக்கரம் வேகமா போகணும்ல, அது பல்ல விட்டுட்டு டக்கு டக்குன்னு தாண்டிப் போகும், உள்பக்க சக்கரம் தனியா வண்டிய தள்ளும். பாதி வளைவுல ஆக்ஸிலேட்டர்லருந்து கால எடுத்தீங்கன்னா இந்தக் கணக்கு டக்குன்னு பக்கம் மாறும், வண்டி இடுப்ப ஒரு வெட்டு வெட்டும். வீல்பேஸ் சின்னதா இருந்து, மேனுவல் கியரா இருந்து, ரோடும் ஈரமா இருந்தா இன்னும் மோசம். என் மனைவி ஒருநாள் ஓட்டிட்டு வந்து சாவிய மேசை மேல வெச்சவங்க அப்புறம் அந்த வண்டிய தொடவே இல்ல. ஸ்பைடர வெல்டிங் வெச்சு ஒட்டிடுற ஆளுங்களும் இருக்காங்க, ரோட்டுல ஓடவே போகாத வண்டின்னா சரி, மத்தபடி வேண்டாம்.

அதனால இந்த வாட்டி சுவிட்ச் போட்டா மட்டும் லாக் ஆகுறதுதான்னு முடிவு. எலக்ட்ரிக்கா (கரன்ட்ல பூட்டுறது) ஏரா (காத்தழுத்தத்துல பூட்டுறது)ன்னு ஒரு வாரம் மண்டைய ஒடச்சேன். எலக்ட்ரிக்ல ஒரே ஒயர்தான், சுலபம், ஆனா சில மாடல்ல முன்னாடியிருந்து ரிவர்ஸுக்கு மாத்தும்போது ஒரு நொடி விட்டுட்டு மறுபடி பிடிக்கும், சேத்துல முன்ன பின்ன ஆட்டி ஏறும்போது அது கடுப்பு. ஏர் எடுத்தேன், கம்ப்ரஸர் எப்படியும் டயருக்கு காத்தடிக்க வேணும்.

இப்போ அந்த மூணு வாரம். டானா 44ல கேரியர் ரெண்டு விதம். ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கற கணக்கு) 3.73 வரைக்கும் ஒண்ணு, 3.92லருந்து மேல இன்னொண்ணு. ரேஷியோ ஏற ஏற பினியன் (கிரவுன் வீல சுத்த வைக்கிற சின்ன கியர்) சின்னதாகும், கிரவுன் வீல் அதுக்கு எட்டணும், அதனால அது ஒக்காருற இடம் தள்ளி இருக்கும். வண்டியில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல 3.73னு போட்டிருந்துச்சு, நம்பி வாங்கிட்டேன். கவர கழட்டி எண்ணெய் எல்லாம் வடிச்சு கேரியர வெளிய எடுத்து துணியால தொடைக்கிறேன், கிரவுன் வீல் ஓரத்துல 41-10னு குத்தியிருக்கு. 3.73ன்னா 41-11 (கிரவுன் வீல்ல 41 பல்லு, பினியன்ல 11) இருக்கணும். பினியன்ல ஒரு பல்லு கம்மி, அதாவது 4.10, எனக்கு முன்னாடி வெச்சிருந்த யாரோ கியர மாத்திட்டு ஸ்டிக்கர விட்டுட்டாங்க. அப்பவும் மனசு கேக்காம பழைய கிரவுன் வீல புது லாக்கர்ல மாட்டி உள்ள வெச்சுப் பாத்தேன், பல்லும் பல்லும் ஒண்ண ஒண்ணு எட்டிக்கூட பாக்கல. திருப்பி அனுப்பி மாத்தி வர்றதுக்கு மூணு வாரம். ஒரு பின் சக்கரத்த மட்டும் ஜாக்கியில தூக்கி, நியூட்ரல்ல விட்டு, சக்கரத்த ரெண்டு சுத்து சுத்தி கியர்பாக்ஸ்லருந்து ஆக்ஸிலுக்கு வர்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நாலு சுத்துக்கு மேல துளி போனா 4.10, நாலுக்கு கொஞ்சம் முன்னாடியே நின்னா 3.73.

மாட்டுற வேலையில பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல, பொறுமைதான் வேணும். பேரிங் கேப்ல இடதுக்கு ஒரு புள்ளி வலதுக்கு ரெண்டு புள்ளி பஞ்ச் வெச்சு அடிச்சுக்கோங்க, அதுங்க ஹவுசிங்கோட (ஆக்ஸிலோட வெளிக்கூடு) சேர்த்தே கடைஞ்சது, பக்கம் மாத்தவோ தலைகீழா போடவோ கூடாது. பினியன நான் தொடல, அதனால பினியன் ஆழம் அப்படியே இருக்கு, பேக்லாஷும் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல விடுற இடைவெளி) பேரிங் இறுக்கமும் மட்டும்தான் செட் பண்ணணும். ஒரு பக்க ஷிம்ம (மெல்லிசான தகட்ட) எடுத்து அடுத்த பக்கம் போட்டா இறுக்கம் மாறாம பேக்லாஷ் மட்டும் நகரும், இத புரிஞ்சுக்க எனக்கு அரை நாள் ஆச்சு. டயல் கேஜ் வெச்சு மொத தடவ 0.35 மி.மீ, வேணுங்கறது 0.15லருந்து 0.25க்குள்ள, நாலாவது தடவ கழட்டி மாட்டினப்போ 0.20ல நின்னுச்சு. ஒரே பல்லுல பாக்காதீங்க, சுத்தி நாலு எடத்துல பாருங்க. அப்புறம் பல்லுல மஞ்ச நிற மார்க்கிங் பேஸ்ட் தடவி சுத்தினா தடம் பல்லு நடுவுல விழணும், விழுந்துச்சு.

எனக்கு கை நடுங்கினது ஹவுசிங்ல ஏர் லைனுக்கு ஓட்டை போட்டப்போதான். துணிய நல்லா திணிச்சு, ட்ரில்லுக்கும் மரை போடற டேப்புக்கும் கிரீஸ் தடவி, துளித் துளியா போட்டு, அப்பப்போ காந்தம் விட்டு இரும்புத் தூள வழிச்சு எடுத்தேன். அந்தத் தூள் ஒரு துணுக்கு பேரிங்ல போனா மொத்த வேலையும் வீண்.

எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடியே காத்து விட்டு பாத்துடுங்க. கியர்ல போட்டு வெச்சிட்டு ஒரு சக்கரத்த சுத்தினா, லாக் இல்லாதப்போ அடுத்த சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும், லாக் போட்டா ரெண்டுமே அசையாது. எனக்கு அசையல, ஆனா கம்ப்ரஸர் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா ஓடிட்டே இருந்துச்சு. சோப்புத் தண்ணி அடிச்சா ஹவுசிங் ஃபிட்டிங்ல குட்டி குட்டியா முட்டை விடுது. கழட்டி சீலன்ட் போட்டு இறுக்கினதும் நின்னுடுச்சு. ஜிஎல்-5 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊத்தி கவர மூடி, கவர் மேல வெள்ளை பெயின்ட் பேனாவால 41-10னு பெருசா எழுதி வெச்சிட்டேன், இனி யாரும் ஸ்டிக்கர நம்ப வேண்டாம்.

போன வாரம் அதே மாதிரி ஒரு பள்ளம். எறங்கறதுக்கு முன்னாடியே நின்னு லாக் போட்டேன், சக்கரம் சுத்திட்டு இருக்கும்போது போடறது பல்லுக்கு ஆகாது. முதல் கியர், கால் லேசா, சக்கரம் தூக்கினதே தெரியல, ஏறி வந்துட்டேன். மேல வந்து ஆஃப் பண்ணியும் உடனே விடல, ஷாஃப்ட் முறுக்கிட்டு நின்னுச்சு, ஸ்டியரிங்க நேராக்கி கொஞ்சம் முன்னாடி உருட்டினதும் டொக்குன்னு விட்டுச்சு. சோலனாய்டு (லாக்கருக்கு காத்த திறந்து மூடுற வால்வு) வாய்ல எண்ணெய் கசிவு இருக்கான்னு விரல் வெச்சுப் பாத்தேன், உள்ள ஓ-ரிங் (காத்து கசியாம தடுக்கிற ரப்பர் வளையம்) போச்சுன்னா மொதல்ல அங்கதான் காட்டும். காஞ்சுதான் இருக்கு. 800 கிலோமீட்டர்ல எண்ணெய மாத்தும்போது காந்த பிளக்குல என்ன ஒட்டியிருக்குன்னு பாத்துட்டு எழுதறேன்.