எட்டு போட்டது ஒரு மாதத்தில், வேகம் பிடிபட்டது இரண்டு வருடத்தில்

என் மாமனார் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு பேர் அப்படி இருப்பார்கள். அந்த வீட்டு மருமகனுக்கு 34 வயது வரை கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்பதுதான் அதிசயம். லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து பட்டறை மூன்று கிலோமீட்டர். மனைவியின் ஸ்கூட்டியே போதுமானதாக இருந்தது. பட்டறையை ஊருக்கு வெளியே 14 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான், திண்ணையோரம் படுதா போர்த்திக் கிடந்த பழைய ஸ்பிளெண்டரின் சாவியை மாமா எடுத்துக் கொடுத்தார். "ஓட்டிப் பழகிக்குங்க மாப்ள. நின்னா வண்டி வீணாப் போயிரும்."

கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் இருந்தது. கியர் வண்டிக்கு மறுபடி எல்எல்ஆர் போட்டு, 30 நாள் கழித்து ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த 30 நாளும் எனக்குப் பள்ளிக்கூடம், ஊருக்கு வெளியே மனை பிரித்துப் போட்ட ஒரு லேஅவுட். தார் ரோடு போட்டிருந்தார்கள், மஞ்சள் கல் நட்டிருந்தார்கள், ஒரு வீடும் வரவில்லை. காலை ஐந்தரைக்கு நானும் மாமாவும் இரண்டு நாய்களும்.

முதல் வாரம் முழுக்க கிளட்ச்தான். ஸ்கூட்டி ஓட்டியவனுக்கு இடது கை என்றால் பிரேக். பதற்றத்தில் இடது கையைப் பிடித்தால் வண்டி நிற்காமல் மிதந்து போகும், கிளட்ச் அல்லவா அது! கிளட்ச்சை மெல்ல விடும்போது வண்டி ஓர் இடத்தில் லேசாக உறுமி முன்னால் இழுக்கும். அந்த இடத்தை விரல் கண்டுபிடிக்கும் வரை ஆக்சிலேட்டரைத் தொடவே மாமா விடவில்லை. முறுக்காமலே முதல் கியரில் ஆமை மாதிரி லேஅவுட்டைச் சுற்றி வந்தேன். அப்போது சலிப்பாக இருந்தது. எட்டு போடும்போதுதான் அது எதற்கென்று தெரிந்தது.

முதல் முறை எட்டில் தோற்றேன். இரண்டாவது வளையத்தில் முன் சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், வண்டி சாய்ந்தது, கால் தரையில் பட்டது, போய்விட்டு வா என்றார்கள். அடுத்த முறை மாமா சொன்னபடி செய்தேன்: கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் கால் லேசாக, கண் மட்டும் அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில். வண்டி தானாக அங்கே போனது. கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்பதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உடம்புக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் இறங்குவோம்.

லைசென்ஸ் வந்துவிட்டது. ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம். சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சாலை. அந்தச் சீசனில் அங்கெல்லாம் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். தப்புதான், ஆனால் களம் இல்லாத ஊரில் அவர்களும் எங்கே போவார்கள் என்று எனக்குத் தோன்றும். இடப்பக்கம் ஒரு வேலிக்காத்தான் புதர், அதை ஒட்டி வளைவு. மீட்டர் முள் 45-ல் இருந்தது. 45 என்பது ஒரு வேகமா? வளைவு திரும்பினால் ரோட்டின் அகலம் முழுக்கக் கொள்ளு.

காய்ந்த கொள்ளுத் தண்டு டயருக்கு அடியில் உருளைக்கட்டை மாதிரி. பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன். முழங்கை, முழங்கால், ஹெல்மெட்டின் இடது கன்னத்தில் ஒரு நீளக் கோடு. கண்ணாடி ஒன்று மடங்கிவிட்டது. கொள்ளு பரப்பிய பாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திட்டவும் செய்தார்: "ஏஞ்சாமி, இதுல இவ்வளவு வேகமா வருவாங்களா?"

இரண்டு நாள் கழித்து, கட்டோடு மாமாவின் டிவிஎஸ் 50-யில் உட்கார்ந்து அதே இடத்துக்குப் போனோம். எந்த இடத்தில் கொள்ளு முதலில் கண்ணில் பட்டிருக்கும் என்று நின்று பார்த்து, அங்கிருந்து தப்படி போட்டு எண்ணினேன். 30 தப்படி. கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதை நோட்டில் குறித்துக்கொண்டேன். மாமா சிரித்தார், ஆனால் தடுக்கவில்லை.

காயம் ஆறியதும் மறுபடி லேஅவுட். ரோட்டோரம் ஒரு செருப்பை வைத்துவிட்டு, அதைத் தாண்டும் நொடியில் பிரேக் பிடித்து, நின்ற இடம்வரை தப்படி எண்ண வேண்டும். இதுவரை முன் பிரேக்கை நான் தொட்டதே இல்லை. "முன் பிரேக் பிடிச்சா கவுந்துருவ" என்று சின்ன வயதில் சைக்கிள் ஓட்டும்போது யாரோ சொன்னது மூளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. 40-ல் பின் பிரேக் மட்டும் பிடித்தால் 28 தப்படி. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சை பிழிகிற மாதிரி இறுக்கினால் 15. பாதிக்குப் பாதி! பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன் டயர்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. பின் சக்கரம் அந்த நேரத்தில் பாரம் குறைந்து சும்மா தொங்குகிறது, அதைப் போய் மிதித்தால் வழுக்காமல் என்ன செய்யும்? ஆனால் வண்டி சாய்ந்திருக்கும்போதும், மணல் மேலும், கொள்ளு மேலும் முன் பிரேக்கை இறுக்கக் கூடாது. வண்டி நேராக இருக்கும்போதே, அதற்கு முன்னாலேயே வேகத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கணக்குதான் என்னை உட்கார வைத்தது. 20-ல் 4 தப்படி, 40-ல் 15, 60-ல் 34. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரமும் இரண்டு மடங்குதானே ஆகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாலு மடங்காகிறது. இதுவும் பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் மட்டும்தான். கண் பார்த்து, கை போய்ப் பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆகிறது. 60-ல் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல், என் தப்படியில் 22-க்கு மேல், ஓடியிருக்கும். கொள்ளு வளைவை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 45-ல் யோசிக்க 17 தப்படி, நிற்க 19, மொத்தம் 36. எனக்கு இருந்ததோ 30. 35-ல் வந்திருந்தால் 25-லேயே நின்றிருப்பேன். வெறும் பத்து கிலோமீட்டர் வேக வித்தியாசம்.

அதற்குப் பிறகு வேகத்தை முள்ளைப் பார்த்து முடிவு செய்வதை விட்டேன். எதுவரை ரோடு சுத்தமாகத் தெரிகிறது என்று முதலில் பார்ப்பேன். அதற்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ அதுதான் அந்த இடத்தின் வேகம். புதர் வந்தால், நின்றுகொண்டிருக்கும் பஸ் வந்தால், சந்து வந்தால் முறுக்கு தானாகக் குறையும். இரவில் இன்னும் கஷ்டம். என் வண்டியின் டிம் வெளிச்சம் 30, 40 மீட்டருக்குமேல் எட்டாது. எதிரில் வருகிறவர் ஹை பீமோடு வந்தால் அதுவும் கிடையாது. அவர் விளக்கைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, 40-க்குக் கீழே இறங்கிவிடுவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஹைவே தனிப் பாடம். பைக்குக்கு நாலுவழிச் சாலையில் 80 வரை அனுமதி, என் வண்டியும் தம் பிடித்தால் அதைத் தொடும். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். முள்ளை 60-ல் நிறுத்தி, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நொடி எண்ணினால் 13 வந்தது. உண்மையான 60 என்றால் 12 வர வேண்டும். மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டுகிறது, 55-தான் போகிறேன். நல்லதுதான்.

முன்னால் போகிற லாரி ஒரு கல்லைத் தாண்டியதும் மனதுக்குள் நிதானமாக இரண்டு எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் நான் அந்தக் கல்லை எட்டிவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறேன் என்று அர்த்தம். மாமா வேறு மாதிரி சொல்வார்: "லாரிக்காரன் கண்ணாடில அவன் மூஞ்சி உங்களுக்குத் தெரியணும் மாப்ள. தெரியலீன்னா, நீங்க பின்னால இருக்கறதே அவனுக்குத் தெரியாது." முப்பது வருடம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. மச்சானின் 150 சிசி வண்டியை ஒரு நாள் எடுத்தேன். ஸ்பிளெண்டரில் முன்னால் மிதிக்க மிதிக்க கியர் ஏறும்; அவன் வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நாலும் மேலே. 50-ல் போய்க்கொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் முன்னால் மிதித்துவிட்டேன். இரண்டாவது கியர் விழுந்து, இன்ஜின் அலறி, பின் சக்கரம் கிறீச்சிட்டது. விழவில்லை. அன்றிலிருந்து யார் வண்டியை எடுத்தாலும் முதல் ஒரு கிலோமீட்டர் புதுசாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரிதான் ஓட்டுகிறேன்.

சேலம் போக 55 கிலோமீட்டர். 80-லேயே போனால் 41 நிமிடம், 60-லேயே போனால் 55 என்று கணக்கு சொல்கிறது. இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தேன், வித்தியாசம் 7 நிமிடம்தான் வந்தது. மீதியைச் சேலத்துச் சிக்னல்கள் சமன் செய்துவிட்டன.

போன ஆடியில் மாமா கொல்லிமலைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்ற நினைப்பே பாதி வேகத்தைக் குறைத்துவிட்டது. ஏறும்போது முதல் இரண்டு கியரிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது வண்டி. இறங்கும்போது அவர் ஒன்று மட்டும் சொன்னார்: "ஏறுன கியர்லயே இறங்குங்க." நியூட்ரலில் விட்டால் பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில் விழும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் இன்ஜினே இழுத்துப் பிடித்துக்கொண்டது, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டேன். ஒரு வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறிக்கொண்டிருந்தது. வளைவு முழுக்க அதற்கே வேண்டும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. முன்னாலேயே ஓரமாக நிறுத்திக் காலூன்றி நின்றேன். பஸ் டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். மாமா பேசவே இல்லை.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளட்ச் பிடித்த கை விரல்கள் விறைத்துப் போயிருந்தன. இரண்டு மடக்கு குடித்துவிட்டு மாமா சொன்னார்:

"ரெண்டு வளைவுல மட்டும் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி மாப்ள."

"எந்த ரெண்டு மாமா?"

"டீயைக் குடிங்க, ஆறுது."