வன்னியில் பூட்டனைத் தேடுவோருக்கு: மாங்குளத்திலிருந்து வற்றாப்பளை வரை

இலங்கையின் வடக்கே வன்னிக் குளத்து ஊர்களில் பூட்டனின் தடயம் தேட ஆவணி, புரட்டாதியில் போவது நல்லது. சிறுபோகம் வெட்டி முடிந்திருக்கும். சின்னக் குளங்கள் வற்றி அலைகரை வெளியே தெரியும். காட்டு ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் புதையாது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குளத்துக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க வழியில்லை. கமக்காரருக்கும் பேச நேரமிராது. விதைப்பு நேரத்தில் போய்ப் பூட்டனைப் பற்றிக் கேட்டால் கையில் மண்வெட்டியைத் தந்துவிடுவார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பூட்டனைத் தேடி வருகிறவர்கள் அனேகமாக ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். கந்தர், வேலர், சின்னத்தம்பி. வன்னியில் பெயரை வைத்து ஆளைப் பிடிப்பது கடினம். தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயர் மாறும், பாட்டன் பெயரே பேரனுக்கு வரும். இளந்தாரியாக இருந்தபோது வேலன், நாலு மாடும் வயலும் சேர்ந்தபின் வேலர், பேரப்பிள்ளைகள் சொல்லும்போது வேலுப்பிள்ளை. மூவரும் ஒருவராக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். 'உடையார்', 'விதானை' என்று ஒட்டிக்கொண்டு வருவது பதவி. மாறாமல் இருப்பது குளம்தான். ஆகவே ஊரில் முதற் கேள்வி இப்படி இருக்கட்டும்: "அப்பு, உங்கட பூட்டனார் எந்தக் குளத்துக்குக் கீழ கமஞ்செய்தவர்?" பெயர் மறந்தவர்களுக்கும் குளம் நினைவிருக்கும்.

குளத்தின் பெயர் கிடைத்ததும் அது எந்தப் பற்றில், அதாவது பழைய நிர்வாகப் பிரிவில், இருந்தது என்று பார்க்கவேண்டும். இன்றைய பிரதேச செயலகப் பிரிவுகளை வைத்துப் பழைய கடதாசிகளைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் மேல்பற்று, கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று, பனங்காமம், நடுச்செட்டிகுளம் என்று பற்றுவாரியாக எழுதப்பட்டது. இதற்குக் கையில் இருக்கவேண்டிய நூல் ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு. வவுனியா, முல்லைத்தீவு இரண்டையும் பற்றிய அரச அதிகாரியின் தொகுப்பு அது. அவர் மக்களைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஊர், குளம், பற்று விபரங்களுக்கு நல்ல துணை.

குடிசன மதிப்பில் பூட்டன் பெயரைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலாவது முழு மதிப்பு 1871இல் நடந்தது, பின் பத்தாண்டுக்கு ஒருமுறை. அச்சில் வந்தது தொகை மாத்திரம். ஆனால் அந்தத் தொகையும் பேசும். ஒரு மதிப்பில் முப்பது பேர் இருந்த ஊர் அடுத்ததில் காணாமற் போனால் ஒன்றில் குளக்கட்டு உடைந்திருக்கும், அல்லது காய்ச்சல், பறங்கிப்புண் ஊரைத் தின்றிருக்கும். அப்படியானால் அந்தக் குடும்பத்தைப் பக்கத்துக் குளத்தில் தேடுங்கள். குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓடியதைவிட அடுத்த குளத்துக்கு நகர்ந்ததுதான் அதிகம்.

மாங்குளத்தில் கண்டி-யாழ்ப்பாண வீதியான ஏ9ஐ விட்டு முல்லைத்தீவு வீதியில் திரும்பினால் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடு வரும். 1803இல் வன்னிக் குறுநிலத் தலைவன் பண்டாரவன்னியன் வெள்ளைக்கார அதிகாரி வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்ற இடம், வீதியோரத்தில் நினைவிடம் உண்டு. நின்று பார்க்கலாம். எல்லாருடைய பூட்டனும் வன்னியனாக இருக்க முடியாது என்பதையும் அங்கேயே மனதில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஏக்கர் வயலும் ஒரு பட்டி மாடும் வைத்திருந்தவர்தான் நாம் தேடும் ஆள்.

குளத்தில் முதலில் கட்டில் ஏறுங்கள். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு எங்கே, மிகை நீர் வழியும் வான் எங்கே என்று பாருங்கள். கட்டின் வெளிப்புறம், துருசுக்கு நேரே கீழே விரிவது பழைய வயல்வெளி. கட்டில் மருதும் வீரையும் பெருத்து நின்று, நடுவே ஒரு வெட்டு விழுந்திருந்தால் அது உடைந்து நெடுங்காலம் கிடந்த குளம். 1856 நீர்ப்பாசனச் சட்டத்துக்குப் பின் சின்னக் குளங்கள் திருத்தப்பட்டபோது மண்வேலை ஊரவர் கையில், இரும்புத் துருசு அரசின் கையில் என்பது பொதுவான ஏற்பாடு. துருப்பிடித்த இரும்புக் குழாய் கண்ணில் பட்டால் அந்தக் கட்டில் உங்கள் ஆள் கூடை சுமந்திருக்க நல்ல வாய்ப்புண்டு.

வீடிருந்த இடத்தை வயலுக்குள் தேடவேண்டாம். கட்டின் இரு அந்தங்களிலும் சற்று உயர்ந்த தரையில் பாருங்கள். பாலையும் முதிரையும் நிற்கும் காட்டுக்குள் ஒரு கிழட்டுப் புளியும் நாலு பனையும் சேர்ந்து நின்றால் அது வளவு. அருகில் தூர்ந்த கிணறு, உடைந்த அம்மி, ஓட்டாஞ்சில்லு. எதையும் கிண்டவோ எடுக்கவோ கூடாது. கைபேசியில் இடக்குறி எடுத்தால் போதும். கண்ணிவெடி எச்சரிக்கைக்கான சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் ஒரு அடிகூட முன்வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடு நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். பொழுதுபட முன் யானைக் காட்டை விட்டு வெளியே வந்துவிடவேண்டும்.

ஊரவர் உங்களைச் சந்தேகமாகப் பார்த்தால் கோபிக்க வேண்டாம். பழைய காணியைப் பற்றி விசாரிக்கும் வெளியாள் காணி கேட்க வந்தவன் என்றே எண்ணுவார்கள், அதற்கு அவர்களுக்கு வேண்டிய அனுபவம் உண்டு. உரிமை கோர வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவு நாடாவை வெளியே எடுக்காதீர்கள்.

குளக்கட்டுப் பிள்ளையாரிடமோ ஐயனாரிடமோ பொங்கலில் முதல் வளந்து (பொங்கற் பானை) எந்தக் குடும்பத்துக்கு, இரண்டாவது யாருக்கு என்று கேளுங்கள். அந்த ஒழுங்கு இலேசில் மாறாது, ஆகவே ஊரில் யார் முதலில் குடியேறியது என்பதற்கு அது ஒரு தடயம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலிலும், பாக்குத்தெண்டல் என்ற சடங்கில் தொடங்கிப் படையற் பொருளான மடைப்பண்டம் வரை வழிவழியாகச் செய்யும் தொண்டுகள் உண்டு. தொண்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டால் நாலு தலைமுறைப் பெயர் ஒரே மூச்சில் வரும்.

காணி உறுதி (பத்திரம்) ஒன்று அகப்பட்டால் எல்லைப் பந்தியைத்தான் முதலில் வாசிக்கவேண்டும். 'கிழக்கு வாய்க்கால், வடக்கு சின்னவர் பெண்சாதி வள்ளி பங்கு, மேற்கு முடிக்குரிய காடு, தெற்கு குளக்கட்டு' என்ற பாங்கில் இருக்கும். அயற்பங்குக்காரர் பெரும்பாலும் சகோதரர், மைத்துனர்மார். அடுத்து உரிமை வந்த வழி. முதுசம் என்றால் முன்னோர் இறக்க வந்தது, மேலே ஏறிப் போகலாம். சீதனம் என்றால் பெண்ணோடு வந்தது, அந்தக் காணி கிடக்கும் ஊர் பெண்ணின் ஊராக இருக்கலாம். தேடிய தேட்டம் என்றால் உழைத்து வாங்கியது, விற்றவரின் பெயரும் முந்திய உறுதியின் இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் கூடவே வரும். அந்த இலக்கத்தோடு காணிப் பதிவகத்துக்குப் போனால் சங்கிலியின் அடுத்த வளையம். பரப்பளவில் அவசரப்படாதீர்கள். வரகு விதைப்பில் 16 பரப்பு ஒரு ஏக்கர், நெல் விதைப்புப் பரப்பின் கணக்கு வேறு.

உறுதியே இல்லாத குடும்பங்களும் நிறைய. வெட்டிய காடு, விதைத்த வயல், அவ்வளவுதான். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பின் அப்படிப்பட்ட காடும் சேனைப் பயிர்நிலமும் அரச கணக்கில் ஏறின. இவர்களுக்கு வரிதான் சாட்சி. நெல்வரி 1892 வரை இருந்தது, காணியற்றவரையும் 1848 வீதிச் சட்டம் விடவில்லை: 18 முதல் 55 வயது ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வேலை, அல்லது காசு. இரணைமடுவுக்குக் கீழ் குடியேறியவர்களின் கதை வேறு. 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தால் பிரதேச செயலகக் காணிக் கிளைக் கோப்பில் அடுத்து உரிமை பெறும் பின்னுரித்தாளியின் பெயரும் இருக்கவேண்டும்.

போரில் அழிந்த கச்சேரிக் (மாவட்ட அரச அலுவலகக்) கடதாசிகளுக்காக முல்லைத்தீவில் அலைவதைவிடக் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போவது பலன் தரும். உதவி அரசாங்க அதிபர்மார் சுற்றுப்பயணம் போய் எழுதிய நாட்குறிப்புகளில் குளம் குளமாகச் செய்தி உண்டு. பிறப்பு இறப்புப் பதிவு 1867 சட்டத்தோடு தொடங்கினாலும் காட்டு ஊர்களில் பல ஆண்டுகள் அரைகுறைதான். ஆங்கில அகரவரிசையில் தேடும்போது கந்தரை 'கே'யில் மட்டும் பார்த்துவிட்டு எழும்பாதீர்கள், பழைய எழுத்தர்கள் அவரைச் 'சி'யில் போட்டிருப்பார்கள். பதிவைத் தேடித்தரக் கேட்கும் படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் குளத்தையும் பற்றையும் எழுதிக் கொடுங்கள். பூட்டன் பிறந்த திகதி தெரியாவிட்டால், அவருடைய முதற்பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து இருபத்தைந்தைக் கழித்து, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு தேடச் சொல்லுங்கள்.