மீன் நின்றது, மான் நகர்ந்தது

மூன்று நாள் வேலை கெட்டது. இதே சிக்கலில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

ஒரு திறமூல மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கட்டளைகளை அடிக்கும் எழுத்துத் திரையான டெர்மினலுக்குள், அதைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் (tmux), அதற்குள் உரைத் திருத்தியான விம் (Vim). பல வருடப் பழக்கம். ஆங்கில வரிகளில் ஒரு குறையும் இல்லை. தமிழ் வரிக்கு வந்தால் கர்சர் ஓரிடத்தில் நிற்கிறது, அழிவது வேறோர் எழுத்து. நீண்ட வரிகளின் வால் அடுத்த வரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அழித்த எழுத்துகளின் மிச்சம் வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டு போகவே மறுக்கிறது.

அந்த மிச்சத்தை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. கோப்பில் இருப்பவை என்று நினைத்து அவற்றை அழித்தேன்; போனவை எல்லாம் நல்ல எழுத்துகள். சேமித்து மூடியும் விட்டேன். கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்துவைக்கும் கிட்டில் (Git) முந்தைய நாள் பிரதி இருந்ததால் பெரும்பகுதியை மீட்டேன். அன்று காலை மொழிபெயர்த்த பகுதி போனது போனதுதான். திரை கலைந்தால் தயவுசெய்து எதையும் திருத்தாதீர்கள். கண்ட்ரோல் (Ctrl) விசையையும் L விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திரை முழுவதும் புதிதாக வரையப்படும். அப்போது மறைந்துபோகிற எழுத்து கோப்பில் இல்லாத எழுத்து.

அடுத்த நாள் முழுவதையும் எழுத்துரு தின்றது. ஒவ்வொன்றாக நிறுவி, மாற்றி, டெர்மினலை மூடித் திறந்து பார்த்தேன். உருவம் மாறியதே தவிர கர்சர் திருந்தவில்லை. டெர்மினலைத் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். "எங்களிடம் சரியாகவே இருக்கிறது" என்று பதில் வந்தது, ஒரு திரைப்பிடிப்புடன் (ஸ்கிரீன்ஷாட்). அந்தப் படத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள்தான் முறையாக உட்கார்ந்தேன். என் அமைப்புகள் எதையும் படிக்காத 'கிளீன்' நிலையில் விம்மைத் திறந்தேன். அதே கோளாறு, ஆகவே செருகுநிரல்கள் காரணமல்ல. டிமக்ஸை விட்டு வெளியே வந்து திறந்தேன். அப்போதும் அதேதான். பிறகு கோப்பைக் காலியாக்கி இரண்டே வரி அடித்தேன்.

மீன்|
மான்|

முதல் வரியில் கர்சர் எழுத்தின் மேல் ஒழுங்காக நின்றது. இரண்டாம் வரியில் 'ன்' மேல் வைத்தால் துணைக்காலின் மேல் போய் நின்றது. டெர்மினல் திரை என்பது சம அகலக் கட்டங்களின் வரிசை. கர்சர் இருக்குமிடத்தை விம் கீழே காட்டும் ரூலரில் 7-2 என்று இருந்தது: வரியின் ஏழாவது பைட், திரையின் இரண்டாவது கட்டம். எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ம' 3 பைட், துணைக்கால் 3 பைட். பைட் கணக்கு சரி. ஆனால் திரையில் 'ன்' இருந்தது மூன்றாவது கட்டத்தில். விம்முக்கு மான் இரண்டு கட்டம், டெர்மினலுக்கு மூன்று!

விம்மில் g, a என்ற இரு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் கர்சரின் கீழுள்ள எழுத்தின் குறியெண்களை விம் சொல்லும். மீ என்பது 2990, 3008. மா என்பது 2990, 3006. யூனிகோடு அட்டவணையில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகள். துணைக்கால், இகரக் குறி, உகரக் குறி எல்லாம் இடம் பிடிக்கும் குறிகள். விம் இரு வகையையும் முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே கட்டமாக எண்ணுகிறது. மார்க்குஸ் கூன் எழுதிப் பரவலான அகலக் கணக்கு நிரலோ இடம் பிடிக்காத குறிக்கு மட்டுமே சுழியம் தருகிறது. என் டெர்மினலும் அப்படித்தான் எண்ணியது. 'வானொலி' என்று அடித்தால் விம்முக்கு மூன்று கட்டம், டெர்மினலுக்கு ஆறு. ஒரு வரி முடிவதற்குள் இரண்டும் எங்கெங்கோ போய்விடும். 'கி'யில் கட்டம் கூடுமாம், 'கீ'யில் கூடாதாம். தமிழ் படிக்கிற கண்ணுக்கு இதில் ஒரு நியாயமும் தெரியாது.

தீர்வு சின்னது. வேறு டெர்மினல்களில் அந்த இரண்டு வரிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாவதில் மானும் நின்றது. டிமக்ஸ் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பதால், தமிழ் வேலைக்கு அதை நடுவில் வைப்பதில்லை. ஒரே கட்டத்துக்குள் அடைபடுவதால் 'கொ', 'கௌ' எல்லாம் நெருக்கியடித்துத் தெரிகின்றன; பொறுத்துக்கொள்ளலாம். கர்சர் நிற்கும் எழுத்துதான் அழிகிறது.

அந்த இரண்டு வரியை 'மான்' என்ற பெயரில் ஹோம் கோப்புறையில் வைத்திருக்கிறேன். புதுக் கணினியில் உட்கார்ந்தால் முதலில் திறப்பது அதைத்தான்.